மேகம் விலகும்வரை



ஆனையூரில் நமது இல்லத்திற்கு நான்கு வீடுகள் தள்ளிக் குடியிருக்கும் நண்பர் ஒருவர், நில அளவைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மதுரை மாவட்டத்துக் கண்மாய்க் கரைகளையும் வயல் வரப்புகளையும் அளந்து அளந்தே தம் வாழ்நாளைக் கழித்தவர். வீண் செலவு என்பதை அறியாதவர். அவருக்கு ஒரே ஓர் ஆசை மட்டும் இளமை முதல் உண்டு. பள்ளிப் பருவத்தில் பூகோளப் புத்தகத்தில் கண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படம் அதற்குக் காரணம். வடதுருவ ஒளி என்பது அப்படத்தின் தலைப்பு. இரவு வானில் திரைச்சீலை தொங்குவது போன்ற அந்த ஒளியை ஒருமுறையேனும் தம் கண்ணால் காண வேண்டும் என்று அன்றே எண்ணினாராம்.

அவருடைய மகன் நார்வே நாட்டின் தலைநகரான ஓஸ்லோவில் பணிபுரிகிறார். ஒரு குளிர்காலத்தில் மகனின் அழைப்பை ஏற்று நண்பர் அங்குச் சென்றார். மகன் விடுப்பெடுத்துத் தந்தையை நாட்டின் வடகோடிக்கு அழைத்துச் சென்றார். நான்கு இரவுகள் தங்கினர். நான்கு இரவுகளும் பனி கொட்டியது. வானமே தெரியவில்லை. அடுத்த குளிர்காலத்தில் துணைவியாரையும் உடன் அழைத்துக்கொண்டு மீண்டும் சென்றார். அம்முறை பனி பொழியவில்லை. ஆனால் மேகம் ஒரு நொடியும் விலகவில்லை. திரும்பி வந்தபோது துணைவியாருக்கு முழங்கால் வலிதான் மிஞ்சியது.

உறவினர் வீட்டுப் புதுநன்மை விருந்தொன்றில் இது நகைப்பிற்குரிய செய்தியாயிற்று. "துருவம் வரைக்கும் போயும் தரிசனம் கிடைக்கலையா?" என்று ஒருவர் கேட்க, பந்தியே சிரித்தது. நண்பரும் சிரித்தார். ஆனால் அன்று மாலை நமது மொட்டை மாடிக்கு ஏறி வந்தவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மூணாவது தடவையும் வரச் சொல்லிப் பையன் சீட்டு எடுத்து அனுப்பியிருக்கான். போகவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க தம்பி" என்றார்.

உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. அதற்குப் பதிலாக, ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வானத்தைக் காண்பதற்கென்றே நம் தமிழ்க் கரைக்கு வந்த ஒரு பிரெஞ்சுக்காரரின் வரலாற்றை அவருக்குச் சொன்னோம். அதையே இம்மாதம் உங்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நமக்கு ஏன் தெரிவதில்லை?

முதலில் அந்த ஒளியைப் பற்றிச் சில சொற்கள். சூரியனிலிருந்து மின்னேற்றம் பெற்ற நுண்துகள்கள் ஓயாது வெளியே வீசிக்கொண்டிருக்கின்றன. நமது பூமியோ ஒரு பெருங் காந்தம். அக்காந்தப் புலம் அத்துகள்களில் பெரும்பகுதியைத் தடுத்து ஒதுக்கிவிடுகிறது. எஞ்சியவற்றில் ஒரு பகுதி காந்தப் புலத்தின் வழியே துருவப் பகுதிகளுக்கு இறங்கிக் காற்று மண்டலத்தின் அணுக்களோடு மோதுகிறது. அம்மோதலில் எழுவதே துருவ ஒளி. தரையிலிருந்து 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள ஆக்சிஜன் பச்சை நிறமாக ஒளிர்கிறது. 200 கிலோமீட்டருக்கும் மேலே உள்ளது சிவப்பாக ஒளிர்கிறது.

நமது தென் தமிழகமோ பூகாந்த நடுக்கோட்டை ஒட்டி அமைந்துள்ளது. ஆகவே இந்த ஒளிக்கு நாம் மிகவும் தொலைவில் இருப்பவர்கள். ஆயினும் சூரியன் பெரிதும் கொந்தளிக்கும் நாட்களில் அவ்வொளி தெற்கு நோக்கி இறங்கி வருவதுண்டு. 1872 பிப்ரவரி 4 அன்று பம்பாயிலும் அது காணப்பட்டதாகக் குறிப்புகள் உள்ளன. அண்மையில், 2024 மே 10 இரவில், லடாக்கின் ஹன்லே என்னும் இடத்தில் வானம் செந்நிறமாக ஒளிர்ந்ததை அங்குள்ள வானாய்வு நிலையத்தின் ஒளிப்படக் கருவிகள் பதிவு செய்தன. அந்நிலையத்தை நடத்துவது இந்திய வான் இயற்பியல் நிறுவனம். நம் அண்டையிலுள்ள கொடைக்கானலில் 1899-இல் நிறுவப்பெற்ற சூரிய ஆய்வகமும் அதே நிறுவனத்தைச் சேர்ந்ததே.

ஒன்றை மட்டும் இங்கே நினைவில் கொள்ளுங்கள். மழையும் பனியும் தரும் மேகங்கள் பெரும்பாலும் நம் தலைக்கு மேல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுபவை. துருவ ஒளியோ நூறு கிலோமீட்டருக்கு மேலே எழுவது. எனவே நம் நண்பர் ஒன்றும் காணாமல் நின்ற இரவுகளிலும், அந்த ஒளி மேகத்திற்கு அப்பால் ஆடிக்கொண்டிருந்திருக்கக்கூடும். மறைத்தது மேகமே.

இனி, புதுச்சேரிக்கு வந்தவரின் கதைக்கு வருவோம்.

குருவாக விரும்பியவர்

கியோம் லெ ஜாந்தி என்பது அவர் பெயர். 1725-இல் பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியில் பிறந்தவர். குருத்துவ வாழ்வை நாடிப் பாரிசில் இறையியல் பயின்றவர். அங்கே வானியல் விரிவுரைகளைக் கேட்கச் சென்றவர், அவ்வறிவினால் ஈர்க்கப்பட்டு வானியலையே தம் வாழ்வாக ஏற்றார். 1753-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார்.

அக்காலத்து வானியலாரின் பெருங்கேள்வி ஒன்றுண்டு. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு? அதை அளக்க வழி கூறியவர் இங்கிலாந்தின் எட்மண்ட் ஹாலி. வெள்ளிக்கோள் அரிதாகச் சில வேளைகளில் சூரியனுக்கும் பூமிக்கும் நேர் நடுவே வரும். அப்போது சூரியனின் முகத்தில் ஒரு சிறு கரும்புள்ளி ஊர்ந்து செல்வது போலத் தோன்றும். உலகின் வெவ்வேறு இடங்களிலிருந்து அந்தக் கடப்பின் நேரத்தைத் துல்லியமாகக் குறித்தால், கணக்கிட்டுத் தொலைவை அறியலாம் என்று 1716-இல் ஹாலி எழுதினார். அடுத்த கடப்பு 1761-இல்தான். அதைத் தாம் காணப்போவதில்லை என்று அறிந்தே, பின்வருவோருக்காக அவர் அதை எழுதி வைத்தார். 1742-இல் அவர் இறந்தார்.

இக்கடப்புகள் எட்டு ஆண்டு இடைவெளியில் இரட்டையாக வரும். பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் வாரா. 1761-ஐயும் 1769-ஐயும் தவறவிட்டவர்கள் 1874 வரை காத்திருக்க வேண்டும். அதாவது, தவறவிட்டவர்கள் தவறவிட்டவர்களே.

லெ ஜாந்தி புதுச்சேரியிலிருந்து 1761-ஆம் ஆண்டின் கடப்பைக் காணப் பணிக்கப்பட்டு, 1760 மார்ச் மாதம் கப்பலேறினார். அப்போது பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. மொரீசியசுத் தீவை அடைந்து, அங்கே மாதக் கணக்கில் கப்பலுக்குக் காத்திருந்து, 1761 மார்ச்சில் மறுபடியும் புறப்பட்டார். பருவக்காற்று கப்பலை அலைக்கழித்தது. மலையாளக் கரையை நெருங்கியபோதுதான் செய்தி கிடைத்தது: புதுச்சேரி அவ்வாண்டு ஜனவரியிலேயே ஆங்கிலேயரிடம் வீழ்ந்துவிட்டது. கப்பல் திரும்பியது.

1761 ஜூன் 6. வானம் தெளிவாக இருந்தது. வெள்ளியும் குறித்தபடியே சூரியனைக் கடந்தது. ஆனால் லெ ஜாந்தி நின்றதோ நடுக்கடலில், ஆடும் கப்பலின் தளத்தில். ஊசற் கடிகாரம் அங்கே ஓடாது. தாம் நிற்கும் இடத்தையும் துல்லியமாக அறிய இயலாது. கடப்பைக் கண்டார்; ஆயினும் அளவீடு என்ற முறையில் அதனால் பயனேதும் இல்லை.

வேறு ஒருவராயின் ஊர் திரும்பியிருப்பார். இவரோ, எட்டு ஆண்டுகளில் மற்றொன்று வருகிறதே, அதையும் கண்டே செல்வோம் என்று முடிவு செய்தார்.

அந்த ஒரு காலை

இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் வாளாவிருக்கவில்லை. மடகாஸ்கர் கரைகளை ஆராய்ந்தார். காற்றையும் கடல் ஓதங்களையும் பற்றிக் குறிப்பெழுதினார். 1766-இல் பிலிப்பைன்ஸ் தீவுகளின் மணிலாவுக்குச் சென்று அங்கிருந்தே கடப்பைக் காணலாம் என்று எண்ணினார். ஆனால் அங்குள்ள ஆளுநர் அவரை ஐயக் கண்ணோடு பார்த்தார். பாரிசிலிருந்தும், புதுச்சேரியே ஏற்றது என்று கடிதம் வந்தது. போர் முடிந்து புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம் மீண்டும் வந்திருந்தது. 1768 மார்ச் 27 அன்று அவர் புதுச்சேரியில் இறங்கினார்.

அவர் கண்ட புதுச்சேரி இடிபாடுகளின் ஊர். முற்றுகைக்குப் பின் கோட்டையும் மாளிகைகளும் தகர்க்கப்பட்டிருந்தன. இன்று நாம் சம்பா கோவில் என்று அன்போடு அழைக்கும் அன்னையின் பேராலயம் நிற்கும் இடத்திலும் அன்று இடிந்த சுவர்களே நின்றன. 1761-இல் அழிக்கப்பட்ட ஆலயத்தின் இடத்தில் இன்றைய ஆலயம் எழுந்து முடிந்தது 1791-இல்தான். அத்தகைய இடிபாட்டின் மீது, பழைய அரண்மனையின் எஞ்சிய சுவர்களின் மேல், லெ ஜாந்தி தமது வானாய்வுக் கூடத்தைக் கட்டினார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர் நல்லதொரு தொலைநோக்கியை அவருக்கு அனுப்பி உதவினர். நேற்று வரை பகைவர். இன்று ஒரே வானத்தைக் காண முனைவோர்.

ஓராண்டுக்கு மேல் ஆயத்தம் செய்தார். 1769 மே மாதக் காலைகள் எல்லாம் தெளிவாயிருந்தன. ஜூன் 3 மாலையும் அவ்வாறே. அன்றிரவு ஆளுநரும் அவரும் வியாழனின் துணைக்கோள்களைக் கண்டு மகிழ்ந்தனர். மறுநாள் சூரியன் உதித்த சிறிது நேரத்தில் கடப்பு முடிவுறும். அந்த முடிவைக் குறிப்பதே அவர் வேலை.

பின்னிரவில் விழித்தபோது வானம் மூடியிருந்தது. காற்று எழுந்தது. விடியற்காலையில் கடல் பொங்கி நுரைத்தது. சூரியன் உதித்தது மேகத்திற்குப் பின்னால். ஏறக்குறைய ஏழு மணிக்கு வெள்ளி சூரியனை விட்டு நீங்கியது. அதன் பின்னரே மேகம் கலைந்தது. எஞ்சிய பகல் முழுவதும் வெயில் காய்ந்தது! அவர் விட்டு வந்த மணிலாவிலோ அன்று காலை வானம் துல்லியமாக இருந்தது.

இரண்டு வாரங்களுக்கு மேல் அவர் செயலற்றுக் கிடந்தார். நடந்ததைப் பிரான்சுக்கு எழுத முயன்றபோதெல்லாம் எழுதுகோல் கைநழுவி விழுந்தது என்று அவரே பின்னர் எழுதியுள்ளார்.

துயரம் அத்துடன் முடியவில்லை. நோயுற்றார். 1770-இல் புறப்பட்டு, புயல்களில் சிக்கி, 1771 அக்டோபரில் பிரான்சு எல்லையை மிதித்தபோது, அவர் நாட்டை விட்டு நீங்கி 11 ஆண்டுகளும் 6 மாதங்களும் ஆகியிருந்தன. அவர் எழுதிய கடிதங்கள் பல வீடு சேரவில்லை. இறந்துவிட்டார் என்று கருதி உறவினர் அவர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். அறிவியல் கழகத்தில் அவருடைய இடமும் வேறொருவருக்குப் போயிருந்தது. வழக்காடினார், அதிலும் தோற்றுச் செலவுத் தொகையையும் கட்டினார்.

கையோடு கொண்டு சென்றவை

"இவ்வளவுதானா தம்பி?" என்றார் நண்பர், மாடிச் சுவரில் சாய்ந்தபடி. இவ்வளவுதான் என்று கதையை முடிப்பவர்களே பலர். ஆனால் புதுச்சேரியில் அவர் கழித்த நாட்களை அவர்கள் பார்ப்பதில்லை.

கடப்புக்காகக் காத்திருந்த காலத்தில் லெ ஜாந்திக்கு ஒரு செய்தி வியப்பளித்தது. நம் தமிழ்க் கணிதர்கள் எழுதுகோலும் ஏடும் இன்றி, தரையில் சோழிகளை அடுக்கியும் நகர்த்தியும், மனப்பாடமாக வைத்திருந்த சூத்திரங்களைக் கொண்டும் கிரகணங்களைக் கணித்தனர். அவர்தம் விரைவைக் கண்டு அவர் அதிசயித்தார். மொழிபெயர்ப்பாளரின் துணையோடு அம்முறையைத் தாமே கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்டு 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவை அம்முறையால் கணித்துப் பார்த்தார். விடை, உண்மை அளவிலிருந்து 41 விநாடிகளே குறைந்திருந்தது. அந்நாளில் ஐரோப்பாவில் பெரிதும் போற்றப்பட்ட தொபியாஸ் மாயரின் அட்டவணையோ 68 விநாடிகள் கூடுதலாகக் காட்டியது. இதை மறைக்காமல் தமது நூலில் அச்சிட்டார் அம்மனிதர். நமது முன்னோரின் கணித முறை ஐரோப்பிய அறிஞர்களுக்குத் தெரிய வந்த வழிகளுள் அந்நூல் முக்கியமான ஒன்று.

அரிக்கமேட்டை அடுத்த வீராம்பட்டினத்தில் கண்ட புத்தர் சிலையைப் பற்றியும் அவர் எழுதினார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, உரோமானியரோடு நம்மவர் நடத்திய வாணிகத்தை உலகறியச் செய்த இடம் அந்த அரிக்கமேடே என்பதை வாசகர்கள் அறிவர்.

வெள்ளி அவருக்கு முகம் காட்டியிருந்தால், அவருடைய அளவீடு பல அளவீடுகளுள் ஒன்றாகக் கூட்டலில் சேர்ந்திருக்கும். அக்கூட்டலை மற்றவர்கள் அவரின்றியே செய்து முடித்தனர். 1771-இல் லலாந்து என்பவர் சூரியனின் தொலைவை 15 கோடியே 30 லட்சம் கிலோமீட்டர் அளவில் கணித்தார். இன்று நாம் அறிந்த சராசரி அளவு 14 கோடியே 96 லட்சம். ஆனால் சோழிக் கணக்கை லெ ஜாந்தியின் இடத்தில் நின்று வேறு யார் கற்றிருப்பார்?

இதைச் சொல்வதால் அவர் இழந்தது இழப்பே அன்று என்று நாம் கூற வரவில்லை. அவருடைய ஏமாற்றம் உண்மையானது. இறுதி வரை அது அவரை விட்டிருக்காது. ஒன்றை இழந்ததற்கு ஈடாக இன்னொன்று கிடைத்தது என்று பிறர் துன்பத்தைக் கணக்குப் பார்ப்பது எளிது. அக்கணக்கை நாம் போட வேண்டாம். மேகத்தைக் கலைப்பது அவர் கையில் இல்லை. காத்திருந்த நாட்களைப் பயனுறச் செய்வது அவர் கையில் இருந்தது. அதை அவர் செய்தார். அவ்வளவே.

பின்னாளில் அரசரின் தலையீட்டால் கழகத்தில் இடம் மீண்டது. திருமணம் நடந்தது, ஒரு மகளும் பிறந்தாள். 1792-இல் பாரிசில் அமைதியாக இறந்தார்.

வார்தோத் தீவில்

அதே 1769-ஆம் ஆண்டுக் கடப்பைக் காண மற்றொருவர் சென்ற இடம், நம் நண்பரின் ஆசைக்கு மிக நெருங்கியது. வியன்னா வானாய்வு நிலையத்தின் தலைவரும் இயேசு சபைக் குருவுமான மாக்சிமிலியன் ஹெல் அடிகளார், டென்மார்க் - நார்வே மன்னரின் அழைப்பை ஏற்று, நார்வேயின் வடகிழக்குக் கோடியில் உள்ள வார்தோ என்னும் சிறு தீவுக்குச் சென்றார். அந்நாட்டில் இயேசு சபையினர் நுழையவே சட்டம் தடை விதித்திருந்த காலம் அது! உடன் சென்றவர் ஷாய்னோவிச் அடிகளார். 1768 ஏப்ரலில் புறப்பட்டவர்கள் அக்டோபரில் வார்தோவை அடைந்தனர். சூரியனே தலைகாட்டாத குளிர்கால இருளை அங்கேயே கழித்தனர். அவ்விருளில்தான் துருவ ஒளியை ஹெல் அடிகளார் கண்டு ஆராய்ந்தார். பின்னர் அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். காற்றிலுள்ள பனித்துகள்களில் ஒளி பட்டுத் தெறிப்பதே அது என்பது அவர் கருத்து. அக்கருத்து தவறு. சரியான விளக்கத்திற்கு, நார்வேயின் பிர்க்லண்டு 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த ஆய்வுகளே வழி திறந்தன. உடன் சென்ற ஷாய்னோவிச் அடிகளாரும் சும்மா இருக்கவில்லை. அப்பகுதியில் வாழும் சாமி மக்களின் மொழிக்கும் தம் தாய்மொழியாகிய அங்கேரியத்திற்கும் உள்ள உறவை ஆராய்ந்து 1770-இல் நூலாக வெளியிட்டார்.

ஜூன் மாதத்தில் வார்தோவில் சூரியன் மறைவதில்லை. ஆகவே கடப்பின் தொடக்கம், முடிவு இரண்டையும் நள்ளிரவுச் சூரியனில் அங்கே காணலாம். அன்று வார்தோவிலும் மேகம் திரண்டிருந்தது. எனினும் வெள்ளி நுழையும் வேளையில் அது விலகியது. வெளியேறும் வேளையிலும் விலகியது. புதுச்சேரியில் லெ ஜாந்தியின் மேல் மேகம் கவிந்திருந்த ஏறக்குறைய அதே நேரத்தில், வார்தோவில் அது திறந்தது.

எனில், ஒருவர் தகுதியுடையவர், மற்றவர் தகுதியற்றவரா? இல்லை. மேகம் தகுதி பார்த்து விலகுவதில்லை. நல்லோர் மேலும் தீயோர் மேலும் மழை பெய்வதைப் போன்றதே இதுவும். மேலும், கண்டவருக்கும் நிம்மதி கிடைத்துவிடவில்லை. அடிகளார் தம் அளவீடுகளைத் திருத்திப் புனைந்தார் என்று, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1835-இல் ஒரு வானியலார் பழி சுமத்தினார். கையெழுத்துப் படியில் மை நிறம் மாறியிருக்கிறது என்பது அவர் காட்டிய சான்று. 1883-இல் அமெரிக்க அறிஞர் சைமன் நியூகோம் அப்படியை நேரில் ஆராய்ந்து, பழி பொய் என்று நிறுவினார். பழி சுமத்தியவருக்கு நிறங்களைப் பிரித்தறியும் பார்வையே குறைவு என்பதும் வெளிப்பட்டது. ஹெல் அடிகளார் இறந்ததும் 1792-இல், லெ ஜாந்தி இறந்த அதே ஆண்டில்.

மூன்றாம் பயணம்

கதையைக் கேட்டு முடித்த நண்பர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "போயிட்டு வர்றேன் தம்பி" என்றார். மாடியிலிருந்து இறங்குவதைச் சொன்னாரா, நார்வேயைச் சொன்னாரா என்பது அப்போது நமக்கு விளங்கவில்லை.

அவர் மூன்றாம் முறை சென்றார். முழங்கால் வலியினால் துணைவியார் உடன் செல்லவில்லை. இம்முறை மகனும் அவரும் பின்மார்க் என்னும் வடகோடி மாநிலத்தின் கடற்கரைக்கே போனார்கள். 1980-களில் இலங்கையிலிருந்து சென்ற நம் தமிழ் மக்கள் பலர் மீன் பதனிடும் ஆலைகளில் உழைத்து வேரூன்றிய பகுதி அது. இரண்டாம் பயணத்தின்போது அங்கே அறிமுகமான யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று அவர்களைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தது. புட்டும் மீன் குழம்பும் பரிமாறிய அந்த வீட்டுத் தாய், "இவ்வளவு தூரம் வந்தனீங்கள், வானத்தைப் பார்க்காமல் போக விடமாட்டம்" என்றாராம். முதல் இரண்டு இரவுகள் மேகம்தான். நண்பர் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, நிழலை வைத்து வடக்குத் திசையைக் கண்டுபிடிப்பதையும், கயிற்றில் முடிச்சிட்டுத் தரையில் செங்கோணம் போடுவதையும் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகளின் தாத்தாவோ, பாட்டியோ அங்கே இல்லை.

மூன்றாம் இரவு, நள்ளிரவு கடந்து, அந்த வீட்டுப் பெரிய மகன் கதவைத் தட்டினான். வெளியே வந்து பார்த்தால் வடக்கில் மேகம் கிழிந்திருந்தது. முதலில் அடுப்புப் புகை போன்ற சாம்பல் நிறப் பட்டை ஒன்று தெரிந்ததாம். இதற்குத்தானா என்று எண்ணும்போதே அது பச்சையாகி, அசைந்து, மடிந்து, வானத்தின் குறுக்கே ஓடியது. படங்களில் காணும் அளவு நிறம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று உண்மையைச் சொன்னார் நண்பர். "ஆனா படம் அசையாதே தம்பி, இது அசைஞ்சுது" என்றார். கால் மணி நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. குளிரில் கைபேசி உயிரற்றுப் போனதால் ஒரு படமும் எடுக்க முடியவில்லை. மகன் வண்டியைக் கிளப்பச் சென்றிருந்ததால் அவனும் பாதியைத்தான் கண்டான்.

மகனின் கைபேசியிலிருந்து உடனே ஆனையூருக்குப் பேசினார். அங்கே நள்ளிரவு தாண்டி முக்கால் மணி. இங்கே விடியற்காலை ஐந்தேகால். துணைவியார் காலைத் திருப்பலிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "பார்த்துட்டேன்" என்ற ஒரு சொல்லுக்கு மேல் இவருக்குப் பேச்சு வரவில்லை. சிறிது நேரம் கழித்து மறுமுனையிலிருந்து, "என்ன, அழுறீகளா?" என்று கேட்டாராம் அம்மையார். "இல்லை, குளிரு" என்று இவர் பொய் சொன்னார்.

ஊர் திரும்பியதும் மற்றொரு விருந்து, அதே உறவினர்கள். "படம் எங்கே?" என்று கேட்டனர். இல்லை என்றதும், "அப்ப நம்பலாமா?" என்று மீண்டும் சிரித்தனர். நண்பர் இம்முறை வருந்தவில்லை. நம்மைப் பார்த்து, "மை நிறம் மாறியிருக்காம்" என்று மெல்லக் கூறினார். பந்தியில் அது வேறு யாருக்கும் விளங்கவில்லை.

வாசக நேயர்களே, எல்லாரும் வடதுருவம் செல்லுங்கள் என்று கூற நாம் இதை எழுதவில்லை. கடன்பட்டு அத்தகைய பயணம் மேற்கொள்வது குடும்பத்திற்கு நன்றன்று. ஆனால் நம் இல்லங்களில் யாரேனும் ஒருவர் எதற்காகவோ மறுபடியும் மறுபடியும் முயன்றுகொண்டிருப்பார். மூன்றாம் முறை தேர்வெழுதும் மகனாக இருக்கலாம். பல ஆண்டுகளாகக் குழந்தைக்காகக் காத்திருக்கும் மருமகளாக இருக்கலாம். இந்த முறை கட்டாயம் கிடைக்கும் என்று அவர்களிடம் உறுதி கூற நமக்கு உரிமை இல்லை. லெ ஜாந்திக்கும் அப்படித்தான் யாரோ கூறியிருப்பார்கள். ஆனால் பந்தியில் அமர்ந்து சிரிக்காதிருக்க நம்மால் முடியும். காத்திருக்கும் நாட்களில் அவர்களுக்கு ஒரு தட்டில் சோறு வைத்து, உடன் அமர நம்மால் முடியும்.

செலவின்றி வானத்தைக் காண விரும்புவோருக்கு ஒரு செய்தி. 2028 டிசம்பர் 31 இரவு முழுச் சந்திர கிரகணம். பத்துமணியை ஒட்டி ஒரு மணி நேரத்திற்கு மேல் நிலவு செம்பு நிறமாய்த் தோன்றும். ஆண்டிறுதி வழிபாட்டிற்கு ஆலயம் செல்லும் முன் பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். நம் வடகிழக்குப் பருவமழையின் கடைசி மேகங்கள் அன்று மறைத்தாலும் மறைக்கும். நண்பர் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார், நமது மாடிக்கு வருவதாக. துணைவியாரையும் அழைத்து வருவாராம், படி ஏறுவதற்குக் கை கொடுத்து.